நாட்குறிப்பு எழுதியவர் சொல்வதெல்லாம் உண்மையா? – தென்முனைவுப் பயணப் பதிவுகளைக் கொண்டு மூலாதாரங்களை விளங்கிக்கொள்ளல்

மாணவர்களே,

வரலாற்றுப் பாடத்தில் மூலாதாரங்கள் பற்றிய அலகை நீங்கள் ஏற்கனவே படித்திருப்பீர்கள். இலக்கிய மூலாதாரம், தொல்பொருள் மூலாதாரம் என்று வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நான்கு உதாரணங்களையும் மனனம் செய்து எழுதி விடுகிறீர்கள். ஆனால், "ஒரு நாட்குறிப்பை மூலாதாரமாகப் பயன்படுத்தும் வரலாற்றாசிரியர் கவனிக்க வேண்டியவை யாவை?" என்று வினாவைச் சற்றுத் திருப்பிக் கேட்டால், எனது வகுப்பில் பெரும்பாலானோர் எழுதும் விடை இதுதான்: "நாட்குறிப்பு நேரில் கண்டவரால் எழுதப்பட்டது. ஆகவே அது முற்றிலும் உண்மையானது." இவற்றில் முதலாவது வாக்கியத்துக்குப் புள்ளி உண்டு. இரண்டாவது வாக்கியம் பிழை. ஏன் பிழை என்பதை வரைவிலக்கணம் சொல்லி விளக்குவதிலும் பார்க்க ஓர் உண்மைச் சம்பவத்தைக் கொண்டு விளக்குவது இலகு. அதற்கு நான் தெரிவு செய்திருப்பது 1911, 1912 ஆம் ஆண்டுகளில் தென்முனைவை அடைவதற்கு நடைபெற்ற போட்டியாகும்.

முதலில் சம்பவத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். பிரித்தானியக் கடற்படை அதிகாரியான றொபர்ட் பல்கன் ஸ்கொட்டின் ரெரா நோவா என்னும் கப்பல் 1910 ஆம் ஆண்டு ஜூன் மாதம் புறப்பட்டது. அவர் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரை அடைந்தபோது, நோர்வே நாட்டவரான றோல்ட் அமுன்சனும் அந்தாட்டிக்காவை நோக்கி வருகிறார் என்ற தந்தி கிடைத்தது. அமுன்சன் குழுவினர் ஐவர் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளில் சென்று 1911 டிசம்பர் 14 இல் தென்முனைவை அடைந்தனர். ஸ்கொட், வில்சன், பவர்ஸ், ஓட்ஸ், எட்கார் இவான்ஸ் ஆகிய ஐவரும் 1912 ஜனவரி 17 இல் அங்கு சென்றபோது நோர்வேக் கொடியே அவர்களை வரவேற்றது. திரும்பி வரும் வழியில் ஐவருமே இறந்தனர். அமுன்சன் 1912 மார்ச் 7 ஆந் திகதி தஸ்மேனியாவின் ஹோபார்ட் துறைமுகத்தை வந்தடைந்து தமது வெற்றியை உலகுக்கு அறிவித்தார். அந்நாளில் ஸ்கொட்டும் எஞ்சிய மூவரும் உயிருடன் பனியில் நடந்துகொண்டிருந்தனர் என்பது பலர் கவனிக்காத ஒரு விடயம்.

ஸ்கொட் குழுவினருக்கு நடந்தவை நமக்கு எப்படித் தெரியும்? அவர்களில் ஒருவரும் உயிருடன் திரும்பவில்லையே!

1912 நவம்பர் 12 ஆந் திகதி, அற்கின்சன் என்னும் வைத்தியர் தலைமையிலான தேடுதல் குழு, பனியால் மூடப்பட்டிருந்த ஒரு கூடாரத்தைக் கண்டுபிடித்தது. (இத்தேடுதலுக்கு உதவியவை இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட ஏழு கோவேறு கழுதைகள். லால்கான், குலாப், ராணி, பேகம் என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். அந்தாட்டிக்காப் பனியில் இப்பெயர்களைக் கூவி அழைத்திருப்பார்கள் என்று நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது.) கூடாரத்தினுள் ஸ்கொட், வில்சன், பவர்ஸ் ஆகிய மூவரின் உடல்கள் இருந்தன. அவற்றுடன் பென்சிலால் எழுதப்பட்ட நாட்குறிப்புகள், கடிதங்கள், வானிலைக் குறிப்புகள், கழுவப்படாத புகைப்படச் சுருள்கள், ஏறத்தாழ 16 கிலோகிராம் நிறையுள்ள பாறைத்துண்டுகள் என்பனவும் கிடைத்தன. அற்கின்சன் நாட்குறிப்பைப் படித்து, என்ன நடந்தது என்பதைத் தமது குழுவினருக்கு எடுத்துச் சொன்னார். பின்னர் கூடாரத்தை உடல்களின் மேல் சரித்து, அதன்மேல் பனியைக் குவித்து, சறுக்குக் கட்டைகளாற் செய்த சிலுவை ஒன்றை நாட்டிவிட்டுத் திரும்பினர்.

இங்கே கிடைத்தவை யாவும் முதலாம்நிலை மூலாதாரங்கள். இவை சம்பவம் நடந்த காலத்திலேயே, சம்பவத்தில் பங்குபற்றியவர்களால் உருவாக்கப்பட்டவை. இனி இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்போம். சோதிக்கிறோம் என்பதால் இறந்தவர்களை அவமதிக்கிறோம் என்று எண்ண வேண்டாம்.

திகதியிலிருந்தே தொடங்குவோம். "திகதியில் என்ன சந்தேகம்?" என்று கேட்பீர்கள். அமுன்சனின் நாட்குறிப்பில் அவர் முனைவை அடைந்த நாள் டிசம்பர் 15 என்றே உள்ளது. நூல்களில் நீங்கள் காண்பது டிசம்பர் 14. இரண்டில் எது சரி? புவியியற் பாடத்தில் சர்வதேசத் திகதிக் கோடு பற்றிப் படித்ததை இங்கே ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். அமுன்சனின் பிராம் என்னும் கப்பல் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கிழக்கு நோக்கிச் சென்று 180 பாகை நெட்டாங்கைக் கடந்தது. அவ்வாறு கிழக்கு நோக்கிக் கடப்பவர்கள் ஒரு நாளைப் பின்தள்ளிக் கணக்கிட வேண்டும். நோர்வே நாட்டவர்கள் அதைச் செய்யவில்லை. எனவே அவர்களின் நாட்குறிப்புகள் ஒரு நாள் முந்தியே ஓடின. பின்னரே அது திருத்தப்பட்டது. (முனைவிலே எல்லா நெட்டாங்குகளும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஆகவே அங்கு நின்றுகொண்டு "இன்று என்ன திகதி?" என்று கேட்டால் உண்மையில் ஒருவர் பின்பற்றும் கணக்கையே பதிலாகச் சொல்ல முடியும்.) அமுன்சன் பொய் சொல்லவில்லை. ஆயினும் நேரில் நின்றவர், அன்றிரவே எழுதிய குறிப்பிலுள்ள திகதியைக்கூட நாம் அப்படியே எடுக்க முடியாதிருக்கிறது.

ஸ்கொட்டின் குறிப்பிலும் இதுபோன்ற ஓர் இடம் உண்டு. குளிரினால் கால்கள் அழுகிய நிலையில் இருந்த ஓட்ஸ், தம்மால் மற்றவர்கள் தாமதமாவதை உணர்ந்து, வெளியே செல்வதாகக் கூறிவிட்டுப் பனிப்புயலுக்குள் சென்று மறைந்த செய்தியை நீங்கள் ஆங்கிலப் பாடத்திலோ பொது அறிவு நூலிலோ வாசித்திருக்கக்கூடும். அச்சம்பவத்தை எழுதிய பக்கத்தில் ஸ்கொட் இரண்டு திகதிகளை இட்டுள்ளார். மார்ச் 16 அல்லது 17 என்று எழுதி, நாட்கணக்குத் தவறிவிட்டதாகவும் ஒப்புக்கொள்கிறார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால், ஏனைய இடங்களிலும் அவர் சற்றுக் கவனமாகவே எழுதியிருப்பார் என்ற நம்பிக்கை நமக்கு உண்டாகிறது.

ஓட்ஸ் சொன்ன இறுதி வார்த்தைகளைக் கேட்டவர்கள் மூவர். அவ்வார்த்தைகளை எழுதி வைத்தவர் ஸ்கொட் ஒருவரே. வில்சனின் நாட்குறிப்பு பெப்ரவரி மாத இறுதியுடன் நின்றுவிட்டது. ஆனால் வில்சன் ஓட்ஸின் தாயாருக்கு எழுதிய கடிதம் ஒன்று கூடாரத்தில் இருந்தது. மகன் மிக வீரத்துடன் மரணத்தை எதிர்கொண்டான் என்று அதில் கூறப்பட்டுள்ளது. அத்துடன், தேடுதல் குழுவினர் ஓட்ஸின் உடலைத் தேடியும் காணவில்லை. அவரது உறங்கும் பை மாத்திரமே கிடைத்தது. ஆகவே ஓட்ஸ் தாமாகவே மரணத்தைத் தேடிச் சென்றார் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் உள்ளன. அவர் சொன்ன சரியான சொற்களுக்கோ ஒரேயொரு சான்றுதான் உள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து எழுதும் மாணவனுக்குப் பரீட்சகர் முழுப் புள்ளி வழங்கத் தயங்கமாட்டார்.

ஓட்ஸின் சொந்தக் குரல் வேறோரிடத்தில் இருக்கிறது. பயணம் தொடங்குமுன் அவர் தாயாருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்கொட்டின் நடத்தையைக் கடுமையாகக் குறை கூறியிருந்தார். அவரது நாட்குறிப்பை அழித்துவிடும்படி தாயார் தமது இறுதிக் காலத்தில் கூறினார் என்றும், சகோதரி அதிலிருந்து சில பகுதிகளை இரகசியமாகப் பிரதிசெய்து வைத்தமையாலேயே அவை நமக்குக் கிடைத்தன என்றும் அறிகிறோம். நமது கையில் இருக்கும் பதிவுகளைப் போலவே, நமது கைக்கு வராமற் போன பதிவுகளும் வரலாற்றைப் பாதிக்கின்றன. குடும்ப மானம், நாட்டுப் பெருமை, பிறர் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம் ஆகியன எல்லாம் பதிவுகளை அழிக்கும் காரணிகள். கறையான் மட்டும் காரணமல்ல!

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். ஸ்கொட் தமது இறுதி நாட்களில், தாம் தோல்வியடைந்ததற்கான காரணங்களைப் பொதுமக்களுக்கு விளக்கி ஒரு செய்தியை எழுதினார். 1911 மார்ச் மாதத்தில் மட்டக்குதிரைகளை இழந்தமை, போகும் வழியில் ஏற்பட்ட மோசமான காலநிலை, பனிக்கட்டியாற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த மென்பனி, திரும்பும் வழியில் எதிர்பாராத கடுங்குளிர், களஞ்சியங்களில் எரிபொருள் குறைந்திருந்தமை, ஓட்ஸின் நோய், இறுதியாக வந்த புயல் என்பன அவர் கூறிய காரணங்கள். இச்செய்தியை அவர் யாருக்காக எழுதினார்? நாட்டு மக்களுக்காக. ஏன் எழுதினார்? திட்டத்தில் பிழையில்லை என்று காட்டவும், இறந்தவர்களின் குடும்பங்களை நாடு பராமரிக்க வேண்டும் என்று கேட்கவும். அவர் உயிருடன் இருந்து நீதிமன்றில் நின்றிருந்தால் அதை எதிராளியின் வாக்குமூலம் என்றே கொள்வோம். ஆகவே அதிலுள்ள ஒவ்வொரு காரணத்தையும் வேறு சான்றுகளோடு ஒப்பிட வேண்டும்.

கடுங்குளிரை எடுத்துக்கொள்வோம். நீண்ட காலமாகப் பலர் இது ஒரு சாட்டு என்றே கருதினர். அமெரிக்க வளிமண்டல விஞ்ஞானியான சூசன் சொலமன், அதே வழியில் பிற்காலத்தில் நிறுவப்பட்ட தானியங்கி வானிலை நிலையங்களின் தரவுகளை, ஸ்கொட் குழுவினர் குறித்து வைத்த வெப்பநிலைகளோடு ஒப்பிட்டு, 2001 ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டார். 1912 மார்ச் மாதம் அப்பகுதியில் வழமையை விட 10 பாகை பரனைற்றுக்கும் அதிகமாகக் குளிர்ந்திருந்தது என்பது அவரது முடிவு. ஸ்கொட் சொன்னது சரி!

அதே விஞ்ஞானி இறுதிப் புயலைப் பற்றிச் சொல்வது வேறு. மார்ச் 21 முதல் 29 வரை புயல் ஓயாது வீசியதால் கூடாரத்தை விட்டு நகர முடியவில்லை என்பது ஸ்கொட்டின் கூற்று. அப்பிரதேசத்தில் வீசும் புயல்கள் அவ்வளவு நாட்களுக்குத் தொடர்ந்து வீசுவது பெரும்பாலும் நடவாதது என்கிறார் சொலமன். நகர முடியாத நிலையிலிருந்த ஸ்கொட்டை விட்டுச் செல்ல மனமில்லாமல் மற்ற இருவரும் தங்கியிருக்கலாம் என்பது அவரது கருத்து. இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. நாம் கவனிக்க வேண்டியது, மார்ச் 23 இற்குப் பின்னர் 29 வரை ஸ்கொட் தினமும் எழுதவில்லை என்பதை. நடுவே இருப்பது வெறுமை. அந்த வெறுமையில் என்ன நடந்தது என்பதற்குக் கடைசிப் பக்கத்திலுள்ள சில வரிகளே சாட்சி. ஒரே மனிதர், ஒரே கூடாரத்தில், ஒரே வாரத்தில் எழுதியவற்றுள் ஒரு கூற்று உறுதிப்படுகிறது, இன்னொன்று ஐயத்துக்குரியதாகிறது.

எரிபொருள் பற்றிய கூற்றும் பெருமளவுக்குச் சரியே. மண்ணெண்ணெய்ப் பேணிகளின் மூடிகளில் தோலாலான அடைப்புகள் இருந்தன. அவை குளிரில் சரிவர இறுகாமல் எண்ணெய் ஆவியாகிப் போனது. அமுன்சன் தமது பேணிகளை ஈயத்தால் ஒட்டுவித்திருந்தார்.

ஸ்கொட் தமது செய்தியில் சொல்லாமல் விட்டதும் ஒன்றுண்டு. ஒரு தொன் களஞ்சியம் எனப்பட்ட பெரிய உணவுச் சேமிப்பிடத்தை 80 பாகைத் தென் அகலாங்கில் அமைப்பதே திட்டம். மட்டக்குதிரைகள் களைத்துவிட்டதால் 1911 பெப்ரவரியில் 79 பாகை 29 கலையிலேயே அதை அமைத்துவிட்டுத் திரும்பினார்கள். வித்தியாசம் ஏறத்தாழ 57 கிலோமீற்றர். இறுதிக் கூடாரம் அக்களஞ்சியத்திலிருந்து 11 கடல் மைல், அதாவது 20 கிலோமீற்றர் தொலைவில்தான் இருந்தது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இத்தகவலும் ஸ்கொட்டின் முந்திய நாட்குறிப்பிலேயே இருக்கிறது, அவர் மறைக்கவில்லை. ஆயினும் காரணங்களைப் பட்டியலிட்டபோது அது இடம்பெறவில்லை. ஒரு மூலாதாரத்தின் மௌனத்தையும் வாசிக்கப் பழக வேண்டும்.

அமுன்சன் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாரா? இல்லை. 1911 செப்டெம்பர் 8 இல் அவர் அவசரப்பட்டு ஏழு பேருடன் புறப்பட்டு, குளிர் தாங்காமல் முகாமுக்குத் திரும்பினார். திரும்பும்போது பின்தங்கியவர்களைக் காத்திராமல் அவர் முன்னே சென்றுவிட்டார் என்று, அனுபவம் மிக்க ஜொஹான்சன் என்பவர் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். அதன் பின்னர் ஜொஹான்சன் முனைவுக்குச் செல்லும் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1912 இல் வெளிவந்த அமுன்சனின் நூலில் இச்சண்டை இல்லை. நாட்குறிப்புகளில் இருக்கிறது. வெற்றி பெற்றவரின் நூல் என்பதால் அதை இருமடங்கு கவனத்துடன் வாசிக்க வேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

இங்கு நாட்குறிப்புக்கும் அச்சிட்ட நூலுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கொட்டின் நாட்குறிப்பு 1913 இல் நூலாக வெளிவந்தபோது, கூடச் சென்றவர்களைக் குறை கூறும் சில இடங்கள் நீக்கப்பட்டோ மென்மையாக்கப்பட்டோ இருந்தன. மக்ஸ் ஜோன்ஸ் என்பவர் 2005 ஆம் ஆண்டு பதிப்பித்த ஒக்ஸ்போர்ட் பதிப்பில் முக்கிய மாற்றங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. நமது நாட்டு உதாரணமும் ஒன்றுண்டு. கண்டி இராச்சியத்தில் 19 வருடங்கள் சிறைப்பட்டிருந்த றொபர்ட் நொக்ஸின் நூல் 1681 இல் அச்சேறியபோது, அதற்கு உதவியவர்களில் ஒருவர் றொபர்ட் ஹூக். ஆம், விஞ்ஞானப் பாடத்தில் கலத்தைக் கண்டவர் என்று படிக்கிறீர்களே, அதே ஹூக்தான். எழுதியவரின் கையெழுத்துப் பிரதிக்கும் நமது கையிலுள்ள அச்சுப் பிரதிக்கும் இடையில் வேறு கைகள் இருக்கக்கூடும்.

எழுத்தல்லாத சான்றுகளையும் மறந்துவிடக் கூடாது. நடக்கவே முடியாத நிலையிலும் அவர்கள் எறியாமல் இழுத்துவந்த பாறைத்துண்டுகளில் குளொசொப்ரெரிஸ் என்னும் தாவரத்தின் உயிர்ச்சுவடுகள் இருந்தன. அத்தாவரத்தின் சுவடுகள் இந்தியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா ஆகியவற்றிலும் கிடைக்கின்றன. இக்கண்டங்கள் ஒருகாலத்தில் கொண்ட்வானா என்னும் ஒரே நிலத்திணிவாக இருந்தன என்பதற்கு இது ஒரு சான்றாக அமைந்தது. கல்லுக்கு எவரையும் காப்பாற்ற வேண்டிய தேவையோ, எவர்மீதும் கோபமோ கிடையாது. பவர்ஸ் ஒரு நூலை இழுத்து எடுத்த, முனைவில் ஐவரும் நிற்கும் புகைப்படமும் அத்தகையதே. பத்து மாதங்கள் பனியில் கிடந்த பின்னர் அச்சுருள் கழுவப்பட்டது. அம்முகங்களைப் பார்த்தவர்களுக்குத் தோல்வி என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் தேவைப்படாது. அமுன்சன் முனைவில் விட்டுச் சென்ற கூடாரமும் ஒரு படத்தில் இருக்கிறது. அமுன்சன் உண்மையில் முனைவை அடைந்தார் என்பதற்கு மிகச் சிறந்த சான்றைத் தந்தவர்கள் அவரது போட்டியாளர்களே! தனக்கு நட்டமான ஒன்றை ஒருவர் எழுதி வைத்தால் அதன் நம்பகத்தன்மை கூடுகிறது.

இதற்கு நேர்மாறான நிலை வடமுனைவில் ஏற்பட்டது. 1908 ஏப்ரலில் தாம் வடமுனைவை அடைந்ததாக பிரெட்ரிக் குக் கூறினார். 1909 ஏப்ரல் 6 இல் தாமே அடைந்ததாக றொபர்ட் பியரி கூறினார். குக்கின் ஆவணங்கள் கிறீன்லாந்தில் கைவிடப்பட்டன. பியரியுடன் சென்ற ஐவரில் அகலாங்கைக் கணித்துச் சரிபார்க்கக்கூடிய வேறொருவரும் இருக்கவில்லை. மத்தியூ ஹென்சன் 1912 இல் தமது அனுபவத்தை நூலாக எழுதினார். கூடச் சென்ற நான்கு இனுயிட் இனத்தவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. 1980களில் பியரியின் நாட்குறிப்பைப் பரிசோதித்த வொலி ஹேபட் என்னும் முனைவுப் பயணி, அவர் முனைவை அடைந்திருக்கமாட்டார் என்றே முடிவு செய்தார். நேரில் சென்றவரின் நாட்குறிப்பு இருந்தும் பிரச்சினை தீரவில்லை.

இப்போது விடை எழுதும் முறைக்கு வருவோம். "ஸ்கொட்டின் நாட்குறிப்பு ஒரு வரலாற்று மூலாதாரம் என்ற வகையில் எந்தளவுக்கு நம்பத்தக்கது?" என்று ஒரு வினா வந்தால், "நம்பத்தக்கது" என்றோ "நம்பத்தகாதது" என்றோ ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். எதற்காக நம்பத்தக்கது என்று பிரித்துக் கூறுங்கள். மாதிரிக்கு இப்படி எழுதலாம்: "ஸ்கொட்டின் நாட்குறிப்பு சம்பவ காலத்திலேயே எழுதப்பட்ட முதலாம்நிலை மூலாதாரமாகும். குளிர் பற்றி அவர் கூறியவை பிற்கால வானிலைத் தரவுகளால் உறுதி செய்யப்பட்டுள்ளன. ஆயினும் தோல்விக்கான காரணங்களைக் கூறும் இறுதிச் செய்தி பொதுமக்களை நோக்கி எழுதப்பட்டமையால், களஞ்சியத்தின் அமைவிடம் போன்ற, அவரது தீர்மானங்களோடு தொடர்புடைய விடயங்களை ஏனைய சான்றுகளுடன் ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும்." மூன்று வாக்கியங்கள்தான். கதை முழுவதையும் எழுதி இரண்டு பக்கங்களை நிரப்புவதிலும் பார்க்க இதற்கே புள்ளி அதிகம்.

பயிற்சிக்காக ஒன்று தருகிறேன். ஸ்கொட்டின் குழுவைச் சந்திப்பதற்காக நாய்வண்டியுடன் சென்ற அப்ஸ்லி செரி-கராட் என்னும் இளைஞர், 1912 மார்ச் 4 முதல் 10 வரை ஒரு தொன் களஞ்சியத்தில் காத்திருந்துவிட்டுத் திரும்பினார். இன்னும் தெற்கே சென்றிருந்தால் அவர்களைக் காப்பாற்றியிருக்கலாமோ என்ற எண்ணம் அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. பத்து வருடங்களின் பின்னர், 1922 இல், அவர் அப்பயணத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்நூலின் பெறுமதி யாது, அதனைப் பயன்படுத்தும்போது நீங்கள் எவற்றைக் கவனிப்பீர்கள் என்பதை ஐந்து வாக்கியங்களில் எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். அவர் அங்கே இருந்தார் என்பதையும், எழுதியது பத்து வருடங்களின் பின் என்பதையும், அவருக்குத் தம்மீதே இருந்த குற்ற உணர்வையும் சேர்த்து நினைத்துப் பார்த்து எழுதுங்கள்.